அம்மாயியின் ‘தோற்றம்’ எந்த ஆண்டு? படத்திறப்பு மலருக்கு உதவி தேவை

அளத்துப் பேத்தி

வணக்கம். வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் வாழ்ந்த என் அம்மாயி அண்மையில் காலமானார். படத்திறப்பு அன்று உறவினர்களுக்குக் கொடுப்பதற்காகப் பதினாறு பக்க நினைவு மலர் ஒன்றை அச்சிட இருக்கிறோம். எழுதும் பொறுப்பை ஏற்ற நான் ‘தோற்றம்’ என்ற முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஆதார் அட்டையில் 1-1-1940 என்றிருக்கிறது. அது பதிவு செய்ய வந்தவரிடம் யாரோ தோராயமாகச் சொன்ன தேதி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாயி தம் வாயால் சொன்னவை இரண்டுதான். ஒன்று, தாம் தாது வருஷத்து மாசியில் பிறந்தவர் என்பது. மற்றொன்று, பெரிய புயல் அடித்த இரவில் ஏழு மாதக் குழந்தையாக இருந்த என் பெரிய மாமாவை முந்தானையில் கட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடினார் என்பது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உறவினர்கள் எழுதித் தந்தவற்றில் ‘அன்பே உருவானவர்’, ‘பண்பின் சிகரம்’ போன்ற தொடர்களே நிறைந்திருக்கின்றன. அவற்றை யாருடைய பாட்டிக்கும் அப்படியே போட்டுவிடலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உப்பளத்தில் வாரிய உப்பைக் கூடையில் சுமந்தவர் என்பதை ஒருவர்கூட எழுதவில்லை. சின்ன மாமாவோ அவரை உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றவராகவே ஆக்கிவிட்டார். இவற்றை எப்படிச் சரிசெய்வது?

பஞ்சாங்கப் பிரியன்

அம்மாயிக்கு என் அஞ்சலி. தாது வருஷம் 1936 சித்திரையில் தொடங்கி 1937 பங்குனியில் முடிந்தது. ஆகவே மாசி என்றால் 1937 பிப்ரவரி அல்லது மார்ச். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அதற்கு முந்தைய தாது 1876, பஞ்சத்தால் பெயர்பெற்ற ஆண்டு, பிந்தையது 1996. எனவே இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளியது 1930 ஏப்ரல் 30 அன்று. அம்மாயி பிறப்பதற்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த போராட்டம் அது என்று சின்ன மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

புயல் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 1955 நவம்பர் இறுதியில் ராஜாமடம் பக்கம் கரையைக் கடந்த புயலும் கார்த்திகை மாதத்திலேயே வந்தன. இரண்டிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டும் சேர்ந்து ஒரே ‘பெரிய புயல்’ ஆகிவிடுவதை எங்கள் வீட்டிலும் கண்டிருக்கிறேன். முந்தையது நந்தன வருஷம், பிந்தையது மன்மத வருஷம். முந்தையது என்றால் பதினைந்து வயதில் கைக்குழந்தை இருந்திருக்க வேண்டும். அக்காலத்தில் அது நடவாததன்று. மாமாவின் பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பிவிடாதீர்கள். தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்ட பிள்ளைக்குத் தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதிக்கொண்ட காலம் அது.

பூண்டிக்காரன்

மொய் நோட்டைத் தேடுங்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என எல்லாவற்றையும் வருஷம், மாதத்தோடு எழுதி வைத்த ஒரே ஆவணம் பல வீடுகளில் அதுதான். பரணில் பழைய பாத்திரங்களுக்கு அடியில் கிடக்கும்.

அளத்தில் உடன் உழைத்த பெண்கள் எவரேனும் இருந்தால் உடனே போய்ப் பாருங்கள். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனுஷி” என்பதோடு முடித்துக்கொள்வார்கள். விடியலுக்கு முன் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், என்ன கட்டிக்கொண்டு போனார்கள், அளம் ஓய்ந்திருக்கும் மழை மாதங்களில் முல்லை பறிக்கப் போனார்களா, புகையிலைக் கொல்லைக்குப் போனார்களா என்று கேளுங்கள். கூலியை அணாவில் சொன்னால் மட்டும் அதைக் கொண்டு ஆண்டை முடிவு செய்ய வேண்டாம். நயா பைசா 1957 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டாலும், இருபத்தைந்து காசை ‘நாலணா’ என்றே பல்லாண்டுகள் சொல்லி வந்தோம்.

அளத்துப் பேத்தி

இருவருக்கும் நன்றி. மொய் நோட்டு கிடைத்தது. பெரிய மாமாவுக்கு மொட்டையடித்துக் காது குத்தியது மன்மத வருஷம் தை மாதம், அதாவது 1956-இன் தொடக்கம். எங்கள் வீட்டு வழக்கப்படி அது ஒன்பதாம் மாதத்தில் நடந்திருந்தால், கார்த்திகைப் புயலில் அவர் ஏழு மாதக் குழந்தை. ஆகவே அது 1955 புயல். அம்மாயிக்கு அப்போது வயது பதினெட்டு. 2018-இல் கஜா அடித்து ஓய்ந்த காலையில், “அதுல தண்ணி வந்துச்சு, இதுல காத்துதான்” என்று அவர் சொன்னதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. ஒன்று உறுத்தியது: அந்த நோட்டில் தாத்தாவின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, அம்மாயியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அவருடன் அளத்தில் இருந்த இருவரைச் சந்தித்தேன். சுமக்கும் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு கிளிஞ்சலை மடியில் போட்டுக்கொள்வாராம். மாலையில் கணக்குப்பிள்ளை எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால், ஒரு வார்த்தையும் பேசாமல் மடியை அவிழ்த்து அவர் மேசை மீது கொட்டிவிடுவாராம். மலரின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன். ‘தோற்றம்: தாது வருஷம், மாசி’ என்று அச்சிட வீட்டில் சம்மதித்துவிட்டார்கள், பெரிய மாமா மட்டும் ஆதார் தேதியும் எங்காவது ஒரு மூலையில் இருக்கட்டும் என்கிறார்.