எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்து வீடுகள்: அங்கே இருப்பவர்கள் உடம்பை யார் பார்ப்பது?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது எங்கள் ஊரில் வெடி போட்டுக் கொண்டாடினோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளை அது தொடவில்லை. அவற்றைச் சுற்றிக் குடியிருப்பவர்களைப் பற்றித்தான் இந்த இழை.

எங்கள் கொல்லையில் நின்றால் கிணற்று வேலி தெரியும். நடுவில் ஒரு வாய்க்கால், மூன்று வயல், அவ்வளவுதான். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். போன வருடம் அந்தப் பழைய கிணற்றைச் சீர்செய்ய ரிக், அதாவது கிணறு தோண்டும் கோபுர இயந்திரம், வந்து நின்றது. ராப்பகலாக டீசல் ஜெனரேட்டர். காலையில் கொடியில் கிடந்த அப்பாவின் வேட்டியை உதறினால் கறுப்புப் பொடி பறக்கும். வாயுவை எரித்த இரவுகளில் எங்கள் வீட்டுச் சுவரில் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருக்கும், அம்மா சன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுப்பாள். அக்கா மகளுக்கு 5 வயது. அந்த மாதம் முழுக்க இருமினாள். சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்தார்கள். வீடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கிணற்றால்தான் இருமினாள் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்லவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை என்கிற நிலையில் எங்களை வைத்திருக்கிறார்களே, அதுதான் ஆறவில்லை. கிணற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் காற்றையும் தண்ணீரையும் உடம்பையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும், முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். இதைக் கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாமா?

பழைய ரிக்காரர்:

தம்பி, முப்பத்தோரு வருடம் ரிக்கில் கிடந்தவன் நான். பாப்பா நன்றாக இருக்கட்டும். ஆனால் டெல்டாவில் எது கெட்டாலும் கிணற்றைக் கை காட்டுவது வழக்கமாகிவிட்டது. கடலோரத்தில் உப்புத் தண்ணீர் நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்தது, போர் போட்டு உறிஞ்சினோம், இறால் குட்டை வெட்டினோம், கடல் உள்ளே வந்தது. அதற்கும் கிணறுதான் காரணம் என்றால் எப்படி?

ஒருமுறை அடிபம்புத் தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்கள். மேலே வானவில் நிறத்தில் படலம். எண்ணெய் கலந்துவிட்டது என்று ஊரே திரண்டு நிற்கிறது. நான் ஒரு ஈர்க்குச்சியை எடுத்துப் படலத்தைக் கீறினேன். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனியாக நின்றது. எண்ணெய் என்றால் அப்படி உடையாது, சுழன்று வந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். அது இரும்புச்சத்துள்ள தண்ணீரில் வளரும் பாக்டீரியா. யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

அப்புறம், அமெரிக்க ஆய்வு என்று யாராவது கொண்டு வருவீர்கள். அங்கே பாறையை உடைத்து வாயு எடுக்கிறார்கள், ஒரு கிணற்றுக்கு லாரி லாரியாகத் தண்ணீரும் மணலும் ரசாயனமும் போகும். நம் பக்கத்துக் கிணறுகள் அந்த வகை இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மன்னைவாசி:

இன்னொன்றையும் யோசியுங்கள். திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் மின்நிலையங்கள் ஓடுவது இந்த வாயுவில்தான். கிணறு வேண்டாம், கரண்ட் வேண்டும் என்றால் நிலக்கரி எரிக்க வேண்டும். அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது இன்னொரு ஊர்க் குழந்தை.

கடைமடை விவசாயி:

ரிக்கார ஐயாவுக்கு: 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் நின்றது. அதைக் கண்டுபிடிக்க ஈர்க்குச்சி தேவைப்படவில்லை. கேட்கப் போன மக்களைப் போலீஸ் அடித்தது. மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்ட பத்துப் பேரைச் சிறையில் போட்டார்கள். இதை மறந்துவிட்டுப் பேச என்னால் முடியாது.

ஆந்திராவைப் பாருங்கள். 1995இல் பாசர்லபூடியில் கிணறு வெடித்து இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. 2014 ஜூனில் அதே கோதாவரி டெல்டாவில் நகரம் என்ற ஊரில் வாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், விடியற்காலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அசாமில் பாக்ஜான் கிணறு 2020 மே 27 அன்று கட்டுக்கு மீறி வாயுவைக் கக்கத் தொடங்கியது, ஜூன் 9 அன்று தீப்பிடித்தது, நவம்பரில்தான் அடங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் முகாமில் கிடந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அளந்து பார்ப்போம், ஆராய்ந்து பார்ப்போம் என்பது காலத்தைக் கடத்துகிற பேச்சு. மூட வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

வெண்ணாற்றங்கரைத் தம்பிக்கும் ஒன்று: 1 கிலோமீட்டர் என்று கோடு போட்டால், கோட்டை விட்டு வெளியே போகப்போவது கிணறா, நாமா? நாளைக்கே ஒரு அதிகாரி வந்து, இது ஆபத்தான பகுதி, காலி பண்ணுங்கள் என்பார். கோடு போடச் சொல்லும் முன் இதை யோசித்தீர்களா?

கிராமச் செவிலியர்:

இரண்டு பக்கமும் படித்தேன். 14 வருடமாகத் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன்.

கடைமடை அண்ணன் சொன்னவை விபத்துகள். விபத்து கண்ணுக்குத் தெரியும், செய்தியில் வரும். எனக்கு அதைவிடக் கவலை, விபத்து எதுவும் நடக்காத நாட்களில் என்ன ஆகிறது என்பதில். கச்சா எண்ணெயோடும் வாயுவோடும் பென்சீன் வருகிறது. நெடுங்காலம் சுவாசித்தால் ரத்தப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள். நம் நாட்டிலேயே காற்றில் அதற்கு வரம்பு உண்டு, ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். வரம்பு இருக்கிறது, என் பகுதியில் அதை அளந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. குடிநீரைப் பரிசோதிக்க எங்களுக்குக் கொடுக்கும் பெட்டியில் குளோரைடு, புளோரைடு, நைட்ரேட், இரும்பு எல்லாம் பார்க்கலாம். பென்சீன் பார்க்க முடியாது. ஆக, "தண்ணீர் நல்ல தண்ணீர்" என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் தாள் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

நாற்றம் வரவில்லை, அதனால் கசிவு இல்லை என்று பலர் நம்புகிறார்கள். சமையல் சிலிண்டரில் வரும் நாற்றம், கசிந்தால் தெரியட்டும் என்று பின்னால் சேர்ப்பது. மீத்தேனுக்கு என்று சொந்த நாற்றம் கிடையாது.

ரிக்கார ஐயா, பாறை உடைக்கும் கிணறு வேறு என்றீர்கள், சரி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வுகள் அந்த வகைக் கிணறுகளைப் பற்றியவைதான். 1 மைலுக்குள் இருந்த குழந்தைகளுக்கு லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 5 முதல் 7 மடங்கு என்று வந்தது. அவர்கள் பார்த்த மற்றக் குழந்தைப் புற்றுநோய்களில் அப்படி வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே ஆய்வுகளில் ஆஸ்துமா மோசமானது எப்போது தெரியுமா? பாறை உடைக்கும்போது என்று நினைப்போம். கிணறு உற்பத்தி செய்துகொண்டிருந்த காலத்தில்தான் தொடர்பு வலுவாக இருந்தது. உற்பத்தி நம் ஊரிலும் நடக்கிறது.

பழைய ரிக்காரர்:

அம்மா, நிதானமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. உற்பத்திக் காலத்தைப் பற்றிய அந்த விவரம் எனக்குத் தெரியாது. யோசிக்க வேண்டியதுதான்.

ஒன்றை நானே ஒத்துக்கொள்கிறேன். என் வேலைக்காலம் முழுக்க இடைவெளி, இடைவெளி என்று பேசியிருக்கிறோம். ஜெனரேட்டருக்கும் கிணற்று வாய்க்கும் இத்தனை மீட்டர், தொட்டிக்கும் வேலிக்கும் இத்தனை மீட்டர். எல்லாமே தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டது. வேலிக்கு வெளியே ஒருத்தி குழந்தையோடு இருபது வருடம் அந்தக் காற்றைச் சுவாசித்தால் என்ன ஆகும் என்று நாங்கள் ஒரு கூட்டத்தில்கூடப் பேசியது இல்லை. மறைக்க நினைத்ததால் இல்லை. யாரும் கேட்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

ஆனால் என் பயம் வேறு. இந்த ஊரில் நோய் கூடுதல் என்று அரசே ஒரு வரைபடம் போட்டால் என்ன நடக்கும்? நிலம் விலை போகாது. "அந்த ஊர்ப் பெண்ணா?" என்று சம்பந்தம் தட்டிப்போகும். பத்து வீட்டை வைத்துக்கொண்டு ஒரு ஊருக்கே பட்டம் கட்டிவிடுவார்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ஒரே வருடத்தில் இரண்டு நோய் வந்தாலே பெரிதாகத் தெரியும்.

கிராமச் செவிலியர்:

ஐயா, அந்தச் சம்பந்தப் பேச்சு எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது, அதனால் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஊர் பெயர் வெளியே வராமல் செய்ய வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்தையும் நாங்கள் பதிவு செய்கிறோம். குழந்தையின் பிறப்பு எடை, குறைமாதமா நிறைமாதமா, எல்லாம் பல வருடமாகக் கணினியில் இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம். புற்றுநோய்க்கு மாநில அளவில் பதிவேடு இருக்கிறது. இவற்றில் கிணற்றிலிருந்து வீடு எத்தனை மீட்டர் என்ற ஒரே ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும். ஒரு ஊரைத் தனியாகப் பார்க்க வேண்டாம். டெல்டாவில் கிணற்றுக்கு அருகே உள்ள எல்லா வீடுகளையும் சேர்த்து ஒரு பக்கம், அதே மாதிரி நெல் விளைகிற, அதே மாதிரி மருந்தடிக்கிற, கிணறு இல்லாத ஊர்கள் இன்னொரு பக்கம். அப்போது பத்து வீட்டுக் கணக்காக இருக்காது.

வெண்ணாற்றங்கரை:

அக்கா, இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைமடை அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். கோடு போட்டால் போவது யார் என்றார், அது என்னை இரவு தூங்கவிடவில்லை. கலிஃபோர்னியாவில் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். அங்கே பழைய கிணறுகள் வீடுகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன, நம் பக்கம் மாதிரிப் பல பத்தாண்டு ஓடியவை. 2022இல் ஒரு சட்டம் போட்டார்கள். வீடு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 3200 அடிக்குள், அதாவது சுமார் 975 மீட்டருக்குள், புதுக் கிணறு கூடாது. உள்ளே இருக்கும் பழைய கிணறுகளுக்குக் கசிவைக் கண்காணிப்பது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தூசியையும் அடக்குவது என்று கட்டுப்பாடு. எண்ணெய் நிறுவனங்கள் கையெழுத்து வாங்கிப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய் அதைத் தடுத்துப் பார்த்தன. 2024 ஜூனில் அவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள், சட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடு கிணற்றின் மேல்தான். வீட்டில் இருப்பவனை எழுந்து போ என்று சொல்லவில்லை. நம் தீர்மானத்திலும் இதை முதல் வரியாக எழுதலாம்: எந்த வீட்டையும் காலி செய்யக் கூடாது.

நம் நாட்டு விதியையும் பார்த்தேன். வாயுவை உயரமான குழாயில் எரிக்க வேண்டும். சுடரின் வெளிச்சத்தால் அக்கம்பக்கத்துப் பயிர் பாதிக்கும் என்றால் மட்டும் தரையோடு எரிக்கலாம் என்று இருக்கிறது. பயிரை நினைத்து ஒரு வரி எழுதத் தெரிந்திருக்கிறது. அதே வெளிச்சத்தில் தூங்கும் குழந்தையை நினைத்தும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கடைமடை விவசாயி:

அந்த முதல் வரியை எழுதுங்கள், எனக்குச் சம்மதம். மூட வேண்டும் என்பதை நான் விடவில்லை. 2020 ஜனவரியில், எண்ணெய் இருக்கிறதா என்று தேடிப் போடும் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்க வேண்டாம் என்று மத்திய அரசு விதியை மாற்றியது. ஒரே மாதத்தில் மாநிலச் சட்டம் வந்ததால் நாம் தப்பித்தோம். அந்தச் சட்டத்துக்குள் வராத ராமநாதபுரத்துக்காரர்கள் என்ன செய்வார்கள்?

பழைய ரிக்காரர்:

மூடுவது என்பதைக் குழாயைத் திருகி நிறுத்துகிற மாதிரி நினைக்காதீர்கள். உள்ளே பல இடத்தில் சிமெண்ட் இறக்கி அடைத்து, மேலே வெட்டி மூடி, பிறகும் கசிகிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். சரியாக அடைக்காத கிணறு ஓடும் கிணற்றைவிடச் சில நேரம் மோசம். அமெரிக்காவில் கைவிட்ட கிணறுகள் முப்பது லட்சத்துக்கும் மேல். ஆளில்லாமல் விட்டுப் போனவற்றை அடைக்க 2021இல் அரசு 470 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. மூடு என்று கேட்டால், யார் செலவில், எத்தனை வருடக் கண்காணிப்போடு என்றும் சேர்த்துக் கேளுங்கள். அந்த வரியை நான் எழுதித் தருகிறேன்.

தம்பிக்கு ஒன்று. பரிசோதனை என்று மொட்டையாக எழுதாதீர்கள், சாதாரணத் தண்ணீர்ப் பரிசோதனையைச் செய்துவிட்டு முடிந்தது என்பார்கள். காற்றில் பென்சீன், வேலிக்கு வெளியே, காற்று அடிக்கும் பக்கத்தில், இரவிலும். வாயு எரித்த நாட்களின் பதிவு நிறுவனத்திடம் இருக்கும், அதன் நகல். ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு. மூன்றையும் கேளுங்கள். முக்கியமாக, ரிக் வருவதற்கு முன்பே ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். வந்த பிறகு அளந்தால் ஒப்பிடக் கையில் ஒன்றும் இருக்காது.

வெண்ணாற்றங்கரை:

ஐயா, அப்படியே எழுதிக்கொண்டேன். அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கிறோம். அக்கா, கிணறு இல்லாத ஊர்களைத் தேர்ந்தெடுக்க நீங்கள்தான் உதவ வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து ஊர் வழியாக வந்தேன். அங்கே பழைய கிணற்று வேலி ஓரமாக லாரியில் கிராவல் கொட்டிப் பாதையை அகலமாக்குகிறார்கள். போன வருடம் எங்கள் ஊருக்கு ரிக் வருவதற்கு முன்பும் இப்படித்தான் தொடங்கியது. அங்கே பாதையை ஒட்டி அங்கன்வாடி இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே எழுதுங்கள்.