ஜெட்டில் ஓடும் பான்டூன் படகு: ஓட்டியவர்கள், ஏறிப் போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஏரிப்பித்தன்:
எல்லோருக்கும் வணக்கம். விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஏரியில் மிதக்க ஒரு படகு வாங்கும் யோசனை. பெரியவர்கள் சாய்ந்து உட்கார வேண்டும், பிள்ளைகள் குதித்து நீந்த வேண்டும் என்பதால் பான்டூன், அதாவது மிதவைகள் மேல் தட்டையான தளம் போட்ட படகு என்று முடிவாகிவிட்டது. குழப்பம் எஞ்சினில்தான். பின்னால் அவுட்போர்டு (புரொப்பல்லரோடு வெளியே மாட்டும் எஞ்சின்) தொங்கும் வழக்கமான பான்டூனா, இல்லை ஸீ-டூ பிராண்டின் ஸ்விட்ச் படகு மாதிரி, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட்டில் ஓடுவதா? 2021இல் அது அறிமுகமானதிலிருந்தே எனக்கு அதன் மேல் ஒரு கண். ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதில் ஹேண்டில்பார், 13 அடியிலிருந்து 21 அடி வரை நீளம், இருக்கைகளை நம் வசதிப்படி இடம் மாற்றிக்கொள்ளலாம். தண்ணீரில் எப்படி இருக்கும்? இந்த மாடல்தான் என்றில்லை, ஜெட் பொருத்திய எந்தப் படகில் போனவர்களும் எழுதுங்கள்.

துடுப்புக்காரன்:
நண்பரே, முதலில் திருப்புவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அப்புறம்தான். ஜெட் பொருத்திய தட்டைப் படகு ஒன்றில் என் மச்சானோடு போனேன். அவன் அவுட்போர்டில் கைதேர்ந்தவன். எதிரே ஒரு மிதவைக் குறி வந்தது. விலகுவதற்காக த்ராட்டிலை (வேகம் கூட்டும் விசையை) விட்டுவிட்டு ஹேண்டில்பாரை முழுக்க வலப்பக்கம் ஒடித்தான். படகு திரும்பவே இல்லை. கைப்பிடி ஒரு பக்கம், படகின் மூக்கு நேராகக் குறியை நோக்கி. பக்கத்தில் இருந்தவர் “கேஸ் கொடு, கேஸ் கொடு” என்று கத்தினார். விரலை லேசாக அழுத்தியதும் பின்பக்கம் வெடுக்கென்று வீசி, குறி இடப்பக்கமாக ஒதுங்கிப் போனது.

காரணம் எளிது. ஜெட் படகில் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சியடிக்கும் தண்ணீரின் திசையை நாசில் (பீய்ச்சுகுழல்) மாற்றுகிறது, அதனால்தான் படகு திரும்புகிறது. த்ராட்டிலை விட்டால் பீய்ச்சல் இல்லை, திருப்பலும் இல்லை. அவுட்போர்டில் கீழே தொங்கும் கால் தண்ணீருக்குள் இருப்பதால் எஞ்சின் ஓய்ந்தாலும் அது கொஞ்சமாவது சுக்கான் போல வேலை செய்யும். பயந்தால் த்ராட்டிலை விடுவது மனித இயல்பு. அந்த இயல்பை மாற்றிப் பழகியவர் கையில்தான் இந்தப் படகைக் கொடுக்க வேண்டும். ஸீ-டூவில் இடது கையில் பிரேக் நெம்புகோல் உண்டு. அதை அழுத்தினால் நாசிலுக்குப் பின்னால் ஒரு வாளி இறங்கி நீரை முன்பக்கம் திருப்பிவிடும், வேகம் குறையும். நல்ல வசதிதான். ஆனால் வாங்கும் முன் உங்கள் வீட்டில் யார் யார் ஓட்டப்போகிறார்களோ அத்தனை பேரும் ஆளில்லாத திறந்த நீரில் இதைப் பழகிப் பார்க்கட்டும்.

தாமரையிலை:
நான் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பேசுகிறேன். நாங்கள் ஜெட் எடுத்ததற்கு ஒரே காரணம், வெளியே சுழலும் புரொப்பல்லர் இல்லை என்பதுதான். பின்பக்க ஏணியில் பிள்ளைகள் ஏறி இறங்கும்போது அந்த நிம்மதி பெரிது. அதே சமயம், ஜெட் என்றால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடியில் இருக்கும் உறிஞ்சுவாய் தலைமுடியையும் லைஃப் ஜாக்கெட்டின் தொங்கும் வாரையும் கயிற்றையும் இழுக்கும். பீய்ச்சும் பக்கத்தில் நெருக்கமாக விழுந்தால் அந்த வேகத் தண்ணீர் உடலின் உள்ளே புகுந்து கடுமையான காயம் உண்டாக்கும். நீர் ஸ்கூட்டர்களின் எச்சரிக்கை ஸ்டிக்கரில் வெட்சூட் (நீரில் இறங்குவோர் போடும் தடித்த ரப்பர் உடை) கால்சட்டை போடச் சொல்வது இதற்காகத்தான். எங்கள் படகில் யாராவது நீரில் இறங்க வேண்டுமானால் முதலில் எஞ்சின் நிற்கும், சாவிக் கயிறு (கழற்றினால் எஞ்சின் ஓடாது) கழன்று என் மணிக்கட்டுக்கு வரும். அதன் பிறகுதான் ஏணி இறங்கும்.

நட்டுபோல்ட்டு:
படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒரே கேள்வி: உங்கள் ஏரியில் பாசியும் கொடியும் எவ்வளவு? கரையோரம் ஆழம் எவ்வளவு?

பம்ப் அடியிலிருந்து தண்ணீரை இழுத்துத்தான் தள்ளுகிறது. கொடி வந்து உறிஞ்சுவாயின் கம்பி வலையில் படிந்தால் எஞ்சின் சுற்று மட்டும் ஏறும், சத்தம் கூடும், படகு நகராது. அப்போது த்ராட்டிலை மேலும் முறுக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கையை விட்டு இழுத்தெடுக்க வேண்டியதுதான். கூழாங்கல், மணல் இன்னும் மோசம். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் இலைக்கும் அதைச் சுற்றியிருக்கும் தேய்மான வளையத்துக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய இடைவெளி. அதில் ஒரு கல் கீறினால் போதும், கிளம்பும்போது இழுவை குறைந்துவிடும். வேகத்தில் போகும்போது மேலோட்டமாகத்தான் ஓடும், அதனால் ஆழமில்லாத இடத்தையும் தாண்டிவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் அடிமண்ணை உறிஞ்சும். ஏறத்தாழ 3 அடி ஆழமாவது வரும் வரை துடுப்பால் தள்ளிக்கொண்டு போய் அப்புறம் எஞ்சினைத் தட்டுங்கள். கரையில் பிள்ளைகளை இறக்க மணலில் மூக்கை ஏற்றுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஜெட் சரிப்படாது.

இன்னொன்று. ஜெட் படகில் எஞ்சின், தளத்துக்கு அடியில் மூடிய அறையில் இருக்கிறது. பெட்ரோல் போட்டதும் மூடியைத் திறந்து மூக்கை வைத்துப் பாருங்கள். வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கரைகாணி:
காற்றைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தட்டைத்தளம், சுற்றிலும் கம்பி, மேலே விதானம். காற்று நன்றாகப் பிடிக்கும். அடியில் தண்ணீரைப் பிடித்து நிற்க அவுட்போர்டு கால் கூட இல்லை. படகுத்துறையை நெருங்கும்போது பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். காற்றுக்கு எதிராக வந்து, விட்டு விட்டுக் கொஞ்சமாக கேஸ் கொடுத்துச் சேர்க்க வேண்டும். முன்தளத்தில் எல்லோரும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும்போது சட்டென்று வேகத்தைக் குறைத்தால் மூக்கு தாழும். எதிரே அலை இருந்தால் தண்ணீர் மேலே ஏறி உள்ளே வரும். ஓடும்போது முன்கதவு மூடியிருக்கட்டும், ஆட்கள் பின்பக்கம் வரட்டும். எத்தனை பேர், எவ்வளவு எடை என்று படகில் ஒட்டியிருக்கும் தகட்டை மீறவே கூடாது.

நங்கூரம்:
நான் அவுட்போர்டு கட்சி. இரண்டும் எதற்காகப் பிறந்தன என்று பாருங்கள். 1952இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி பீப்பாய்களை வரிசையாக வெல்டிங் செய்து மேலே மரத்தளம் போட்டார். அவருக்கு வேண்டியது ஏரியில் ஆடாத தளம். அதே பத்தாண்டில் நியூஸிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் ஜெட்டை உருப்படியாக்கியது, புரொப்பல்லர் போக முடியாத ஆழமற்ற ஆறுகளில் பாய்வதற்காக. நீங்கள் பிற்பகல் முழுக்க மெதுவாக மிதந்து பேசிக்கொண்டு போகிறவரா, பிள்ளைகளைக் காற்றடைத்த ட்யூபில் ஏற்றிப் படகால் இழுக்கிறவரா? மெதுவான ஓட்டத்தில் ஜெட் அதே தூரத்துக்குக் கூடுதலாக பெட்ரோல் குடிக்கும். எங்கள் வீட்டில் ஓடுவதை விட நிற்பது அதிகம். எனக்கு அவுட்போர்டே போதும்.

துடுப்புக்காரன்:
நங்கூரம் அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் ட்யூப் இழுக்கும்போதும் வட்டமடிக்கும்போதும் ஜெட் தரும் துள்ளல் வேறு. பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஏரிப்பித்தன்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் ஏரியின் வடகரை முழுக்க கொடி, தென்கரை ஆழம். படகைத் தென்கரையில் நிறுத்த இடம் கிடைத்தால் மட்டுமே ஜெட், இல்லாவிட்டால் அவுட்போர்டு என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாமல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, காற்றடிக்கும் மாலையில் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விற்பவர் சம்மதித்துவிட்டார். ஓட்டியதும் இங்கேயே எழுதுகிறேன். நட்டுபோல்ட்டு அண்ணா, பழைய படகு பார்க்கப் போனால் தேய்மான வளையத்தை எப்படிச் சோதிப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

நட்டுபோல்ட்டு:
படகு கரையில், எஞ்சின் அணைந்து, சாவி உங்கள் பையில் இருக்கும்போது டார்ச் அடித்து அடியில் இருக்கும் உறிஞ்சுவாய் வழியாகப் பாருங்கள். வளையத்தில் ஆழமான கீறல், இலை விளிம்பில் பல் பல்லாக மடிப்பு தெரிந்தால் கல் தின்ற படகு. வளையத்தை மாற்றிவிடலாம், அது பெரிய வேலை இல்லை. விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறையுங்கள்.