மன்னித்துவிட்டேன், ஆனால் அன்பு வரவில்லை. நான் இயேசுவின் அன்பில் நிலைத்திருக்கிறேனா?

கேள்வி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஒரு சகோதரி என்னைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் பரப்பினார். அப்புறம் அவரே வந்து மன்னிப்புக் கேட்டார், நானும் மன்னித்தேன் என்றேன், மனதறிந்துதான் சொன்னேன். ஆனால் ஆராதனை முடிந்து அவர் வாசல் பக்கம் நின்றால், பையில் எதையோ தேடுகிற மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் முதலில் அவர் முகம்தான் வருகிறது. என் கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொண்டால் என் அன்பிலே நிலைத்திருப்பீர்கள் என்று யோவான் 15:10இல் இயேசு சொல்கிறார். அப்படியென்றால் ஒருவரை நேசிக்க முடியாத நான் அந்த அன்புக்கு வெளியே போய்விட்டேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
சிஸ்டர், 10க்கு முன்னால் 9ஆம் வசனம் இருக்கிறதே. பிதா என்னில் அன்பாயிருக்கிறதுபோல நானும் உங்களில் அன்பாயிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நிலைத்திருங்கள் என்கிறார். யாரிடம் சொன்னார் என்பதையும் பாருங்கள், அன்று ராத்திரியே அவரைத் தனியே விட்டு ஓடப்போகிறவர்களிடம்! பேதுரு மூன்று முறை மறுதலிப்பான் என்று 13ஆம் அதிகாரத்தின் கடைசியில் அவரே சொல்லியாகிவிட்டது, தெரிந்தேதான் 15இல் இப்படிப் பேசுகிறார். உங்கள் தவிப்பே நீங்கள் வெளியே போகவில்லை என்று காட்டுகிறது என்பேன். அந்த முகம் வந்தால் விரட்டாதீர்கள், "ஆண்டவரே, இவரை நேசிக்க என்னிடம் ஒன்றுமில்லை, நீர் தாரும்" என்று அங்கிருந்தே ஜெபத்தை ஆரம்பியுங்கள். அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தார் என்று 1 யோவான் 4:19 சொல்கிற வரிசை அதுதான்.

பதில் 2:
பிரதர் சொன்னது சரி, ஆனால் ஆறுதலோடு நின்றுவிடக் கூடாது. அவர் காட்டிய வசனத்துக்கு அடுத்ததே, தேவனை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சகோதரனைப் பகைக்கிறவன் பொய்யன் என்கிறது. கூர்மையான வார்த்தைதான், மழுப்ப முடியாது. ஆனால் சிஸ்டர், மனதில் பாசம் பொங்கினால்தான் அன்பு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். ரோமர் 12:20இல் சத்துருவுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கச் சொல்லியிருக்கிறது, முதலில் உள்ளம் உருகட்டும் என்று சொல்லவில்லை. யோவான் 13இல் ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவும்போது யூதாஸும் அங்கேதான் இருந்தான், அதற்குப் பிறகுதான் வெளியே போனான். காட்டிக்கொடுக்கப்போகிறவன் என்று தெரிந்தும் கழுவினார். அடுத்த வாரம் பையை மூடிவிட்டு எழுந்து போய், நன்றாக இருக்கிறீர்களா என்று கேளுங்கள், ரெண்டு வார்த்தை போதும். அவர் பெயரைச் சொல்லி அவர் குடும்பத்துக்காக ஜெபியுங்கள். உணர்வு பின்னால் வரும், வர நாளானாலும் கீழ்ப்படிதல் கீழ்ப்படிதல்தான்.

பதில் 3:
இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சபைகளில் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அன்பு அன்பு என்று காயப்பட்டவரையே நெருக்குகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. நேசிப்பது வேறு, பழையபடி எல்லாவற்றையும் அவரிடம் மனம்விட்டுப் பேசுவது வேறு. நம்பிக்கை திரும்ப நாள் எடுக்கும். மாற்குவை ஊழியத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் கோபம் மூண்டு பிரிந்தே போனார்கள் (அப்போஸ்தலர் 15:39). ஆனால் 2 தீமோத்தேயு 4:11இல் அதே மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுலே எழுதுகிறார். நடுவில் எத்தனையோ வருஷம் போயிருக்கிறது.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. 15:9ஐ இத்தனை நாள் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். அந்தச் சகோதரி எங்கள் ஜெபக்குழுவில் சேர வேண்டும் என்கிறார். இப்போது வேண்டாம் என்று சொன்னால் அது அன்பில்லாத செயலா?

பதில் 3:
குழு எல்லாருடையதும், அதனால் வரவேண்டாம் என்று தடுக்காதீர்கள். ஆனால் உங்கள் சொந்தப் பாரத்தை அங்கே பகிர இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்றால், அதை அவரிடமே நேராகச் சொல்லுங்கள், வேறு யாரிடமும் வேண்டாம். மத்தேயு 18:15 அவரும் நீங்களும் தனியாகப் பேசத்தான் சொல்கிறது.