டாட்டன்ஹாமின் பீட்டர் மெக்வில்லியம்: பெரிய ஆளா, இல்லையா?

பழையபந்து:
லண்டன் கால்பந்து கிளப்பான டாட்டன்ஹாமின், அதாவது ஸ்பர்ஸின், மேனேஜர்கள் என்றாலே பேச்சு பில் நிக்கல்சனில்தான் தொடங்குகிறது. அவருக்கு முந்தைய மெக்வில்லியம் 1921 எஃப்.ஏ. கோப்பையை (இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டி) தவிர என்ன செய்துவிட்டார்?

லெஃப்ட்_ஹாஃப்:
அந்தக் கோப்பையை அவ்வளவு லேசாக விட்டுவிடாதீங்க. ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் இறுதிப் போட்டி, கொட்டுகிற மழை, மைதானமே சேறு. ஜிம்மி டிமாக்குக்கு வயது இருபதுதான். இடது பக்கமாக வந்து அவர் அடித்த ஒரே கோலில் வுல்வ்ஸ் தோற்றது. மெக்வில்லியம் 1910-இல் நியூகாசிலுக்காக விளையாடியும் எஃப்.ஏ. கோப்பையை வென்றவர். ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் அதை வென்ற முதல் ஆள் அவர்தான்.

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ்காரர், லெஃப்ட் ஹாஃப் (நடுக்களத்தில் இடது பக்கம் ஆடுபவர்). நியூகாசிலில் 1905, 1907, 1909 என்று மூன்று லீக் பட்டங்கள். அந்த அணி பந்தை மேலே தூக்கி அடிக்காமல், கால்மாற்றிக் கால்மாற்றிக் கொடுத்தே ஆடும். 1911-இல் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்துக்கு ஆடும்போது முழங்கால் போய்விட்டது. அதோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அப்புறம்தான் டாட்டன்ஹாமில் மேனேஜர்.

சேவகன்72:
சரி, அவ்வளவு நல்லா போனவர் 1927-இல் ஏன் மிடில்ஸ்ப்ரோவுக்குப் போனார்?

லெஃப்ட்_ஹாஃப்:
சம்பளம்தான். அங்கே அதிகம் தருவதாகச் சொன்னார்கள், ஸ்பர்ஸ் நிர்வாகம் கூட்டித் தர மறுத்தது. கஞ்சத்தனம் என்றுதான் சொல்வேன். வேடிக்கை என்னவென்றால், அடுத்த சீசனிலேயே இரண்டு அணிகளும் சேர்ந்தே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கின! மிடில்ஸ்ப்ரோ மறு வருஷமே ஏறி வந்துவிட்டது, ஸ்பர்ஸுக்கு 1933 வரை ஆனது.

பழையபந்து:
கோப்பை ஒன்று, சண்டை ஒன்று. இவ்வளவுதானே?

லெஃப்ட்_ஹாஃப்:
நார்த்ஃப்ளீட்டை விட்டுட்டீங்களே. கென்ட்டில் இருந்த அந்தச் சின்ன கிளப்புக்கு ஸ்பர்ஸ் தன் இளசுகளை அனுப்பி, பெரிய ஆட்களோடு மோதவிட்டுத் தேற்றி எடுக்கும். ஆர்தர் ரோ, விக் பக்கிங்ஹாம், நிக்கல்சன் மூவரும் அந்த வழியாக வந்தவர்கள். 1938-இல் மெக்வில்லியம் திரும்பி வந்தபோது பின்னிரண்டு பேரும் அவர் கையில் இருந்தார்கள். ரோ 1951-இல் லீக் பட்டம் வாங்கித் தந்தார், நிக்கல்சன் 1961-இல் லீக், கோப்பை இரண்டையும். பக்கிங்ஹாம் ஹாலந்தின் அயாக்ஸ் கிளப்புக்கு மேனேஜராகப் போனார். பின்னாளில் பார்சிலோனாவில் ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் புகழ்பெற்ற க்ரைஃபை 1964-இல் முதல் ஆட்டத்தில் இறக்கியது அவர்தான். அதற்காக "பார்சிலோனாவின் பாஸ் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் மெக்வில்லியம்" என்று எழுதுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அது ரொம்ப ஓவர்.