கடன் இருக்கும்போது தசமபாகம்: விசுவாசமா, தேவனைச் சோதிப்பதா?

சாரோன்ரோஜா எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சபையில் கேட்டால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்களோ என்றுதான் இங்கே கேட்கிறேன். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது, வேலை வந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. பணம் கைக்கு வந்தவுடன் தசமபாகமாகப் பத்தில் ஒன்றை எடுத்து ஒரு கவரில் போட்டு, மேலே தொகையை எழுதி வேதாகமத்துக்குள் வைத்துவிடுவேன். வட்டி கட்டும் தேதி நெருங்கினால் வேதாகமத்தைத் திறக்கும்போதெல்லாம் வசனத்துக்கு முன்னால் அந்தக் கவர்தான் கண்ணில் படுகிறது. என் கணவரும் விசுவாசிதான், ஆனால் "கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் காணிக்கையில் போடுவது எப்படி விசுவாசம் ஆகும்?" என்று கேட்கிறார், எனக்குப் பதில் வரவில்லை. மல்கியா 3:10-ல் கர்த்தரே "என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்கிறார், உபாகமம் 6:16-லோ அவரைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று இருக்கிறது. நான் செய்வது இதில் எது? கொடுக்கிறவர்கள், நிறுத்தியவர்கள், இரண்டு பக்கமும் சொல்லுங்கள்.

நடுவழிப்பயணி எழுதியது:

சிஸ்டர், நான் கொடுக்கிறவன், கடனோடும் கொடுத்திருக்கிறேன், கடன் இல்லாமலும் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை விஷயம் தொகையில் இல்லை, எப்போது எடுத்து வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. எல்லாம் கட்டி முடித்து மீதியில் கொடுப்பதற்கு நம்பிக்கை எதுவும் தேவையில்லை, மீதி இருப்பது கண்ணுக்கே தெரிகிறதே! நீதிமொழிகள் 3:9 முதற்பலனைச் சொல்கிறது, முதலில் எடுத்து வைக்கும்போது மீதி போதுமா என்று நமக்குத் தெரியாது, அந்தத் தெரியாத இடத்தில்தான் விசுவாசம் வேலை செய்கிறது.

ஆபிரகாமையும் யாக்கோபையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஆதியாகமம் 14-ல் ஆபிரகாம் (அப்போது பெயர் ஆபிராம்) சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒன்று கொடுக்கிறார், மோசேயின் நியாயப்பிரமாணம் வருவதற்கு வெகு காலம் முன்பு, யாரும் கேட்காமல், எந்த நிபந்தனையும் போடாமல். 28-ல் யாக்கோபு "நீர் என்னைக் காப்பாற்றி, ஆகாரமும் வஸ்திரமும் தந்து, தகப்பன் வீட்டுக்குத் திரும்பிவரப் பண்ணினால் பத்தில் ஒன்று தருவேன்" என்கிற மாதிரிப் பேரம் பேசுகிறான். கர்த்தர் அவனையும் தள்ளிவிடவில்லை, அதுதான் எனக்கு ஆறுதல். உங்கள் கவர் பேரமாக இருந்தாலும் நிறுத்தாதீர்கள் என்பேன்.

லேவியன்_வயலில் எழுதியது:

மேலே சொன்னவரோடு பாதி ஒத்துப்போகிறேன். மல்கியா 3:10-ஐ மட்டும் தனியே பிய்த்தெடுத்து "பத்து கொடு, நூறாக வரும்" என்று பிரசங்கிக்கிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம். அந்த வசனத்திலேயே காரணம் இருக்கிறது: "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி." பண்டசாலை என்பது தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் வைத்த நிஜ அறைகள். ஆலய வேலை செய்த கோத்திரத்தாரான லேவியருக்குச் சுதந்தரமாக நிலம் இல்லை, எண்ணாகமம் 18-ன்படி தசமபாகம்தான் அவர்கள் பங்கு, அதிலும் பத்தில் ஒன்றை அவர்கள் ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். ஜனங்கள் கொடுக்காமல் விட்டதால் லேவியர் வேலையை விட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள் என்று நெகேமியா 13:10 சொல்கிறது (என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்). உபாகமம் 14-ல் இன்னும் சுவாரசியம், அந்தப் பத்தில் ஒன்றைக் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது, மூன்றாம் வருஷத்தில் அது லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. இதைப் பிரசங்கத்தில் நான் கேட்டதே இல்லை.

அப்புறம் இது சட்டமாக மாறியபோது என்ன ஆனது என்பதையும் பாருங்கள். 585-ல் இன்றைய பிரான்ஸில் உள்ள மாக்கோனில் கூடிய ஆயர்களின் சங்கம் கொடுக்காதவர்களைச் சபைக்குப் புறம்பாக்கலாம் என்றது, பிறகு அரசர்களும் சேர்ந்து வசூலித்தார்கள், பிரான்ஸில் 1789 புரட்சியோடுதான் அது ஒழிந்தது. வரியாகிவிட்டால் அதில் நம்பிக்கை எங்கே இருக்கிறது?

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி, சிஸ்டர். கொர்பான், அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கவனிக்காமல் விட்டவர்களை இயேசு மாற்கு 7-ல் கண்டித்தார். ரோமர் 13:8 கடன்படாதிருங்கள் என்கிறது. தேவனுக்குக் கொடுத்தேன் என்று சொல்லிக் கடன் கொடுத்தவரைக் காக்க வைப்பது எனக்கு உறுத்துகிறது.

பழைய_பொருளாளர் எழுதியது:

காணிக்கை எண்ணும் மேசையில் ரொம்ப காலம் உட்கார்ந்தவன். யார் பத்தில் ஒன்று கொடுத்தார் என்று அந்த மேசையில் யாருக்கும் தெரியாது தங்கச்சி, வருமானம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே. அதனால் சபைக்குப் பயந்து ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.

வருமானம் ஏறி இறங்குகிறவர்களுக்கு 1 கொரிந்தியர் 16:2 பொருந்தும். அது எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணம், தசமபாகம் இல்லை, சரி, ஆனால் "வரவுக்குத் தக்கதாக" என்பது நல்ல வழி. 2 கொரிந்தியர் 8:12 இன்னும் நேராகவே சொல்கிறது, இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே. அதற்காக ஒன்றுமே கொடுக்காமல் இருங்கள் என்று சொல்ல மாட்டேன், கடன் தீரட்டும் என்று நிறுத்தியவர்களில் பலர் தீர்ந்த பிறகும் ஆரம்பிக்கவில்லை, பார்த்திருக்கிறேன். கணவரோடு உட்கார்ந்து இருவரும் மனதார ஒத்துக்கொள்ளும் ஒரு பங்கை வையுங்கள், பத்துக்குக் குறைவாக இருந்தாலும் சரி, கடன் குறையக் குறைய ஏற்றுங்கள். அவர் முகம் சுளிக்கக் கொடுத்தால் 2 கொரிந்தியர் 9:7-ல் சொன்ன விசனமும் கட்டாயமும்தான் வீட்டுக்குள் வரும்.

சாரோன்ரோஜா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொர்பான் பகுதியை நேற்று இருவரும் சேர்ந்து வாசித்தோம், அவர்தான் சத்தமாக வாசித்தார். பங்கு எவ்வளவு என்று இன்னும் முடிவாகவில்லை, இந்த மாதக் கவரை மட்டும் அப்படியே கொடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். இன்னொரு சந்தேகம்: வேலைக்காக நான் செய்கிற செலவைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடலாமா, வந்த மொத்தத்திலா?

லேவியன்_வயலில் எழுதியது:

இதற்குத் தனித் திரி தொடங்குங்கள், இருநூறு பதில் வரும். என் கருத்து, செலவு போக. லேவியராகமம் 27:32-ல் மந்தை கோலின்கீழ் கடந்து போகும்போது பத்தாவதாக எது வருகிறதோ அது கர்த்தருக்கு, நல்லதா இளப்பமானதா என்று பார்க்கக் கூடாது. மேய்ப்பனின் கூலியைக் கழித்தார்களா என்று அங்கே எழுதவில்லை, நடுவழிப்பயணி இதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தில்தான் என்று வாதாடப் போகிறார்.

நடுவழிப்பயணி எழுதியது:

மொத்தத்தில்தான்.