பாதயாத்திரை வேனில் இரண்டு பேட்டரியும் இறங்கிவிடுகின்றன, என்ன செய்யலாம்?

கணக்கு டீச்சர், கானாடுகாத்தான்

எங்கள் 2017ஆம் ஆண்டு டீசல் வேனில் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், கேஸ் அடுப்பு, 12 வோல்ட் குளிர்பெட்டி எல்லாம் என் மாப்பிள்ளை பொருத்திக் கொடுத்தார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் எங்கள் குழுவுக்கு அந்த வேன்தான் அடுப்படி, அதுவே மருந்துப்பெட்டி. பதினைந்து பேர் நடக்கிறோம். இருவருக்கு இன்சுலின். குளிர்பெட்டி நின்றால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

முன்னால் எஞ்சினை எழுப்பும் பேட்டரி. கட்டிலுக்கு அடியில் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர், வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுவதே. நடுவில் ஒரு ரிலே. எஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்க்கும், நின்றால் பிரிக்கும் என்றார்கள்.

சென்ற முறை இரண்டாம் இரவு, சிங்கம்புணரி தாண்டியதுமே விசிறி தளர்ந்தது. குளிர்பெட்டி விட்டுவிட்டு ஓடியது. நான்காம் நாள் விடியற்காலை நத்தம் அருகே சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்ற சத்தம் மட்டும். ஒரு டிராக்டர்காரர் தன் பேட்டரியிலிருந்து கம்பி போட்டு எழுப்பிக் கொடுத்தார், நன்றாக இருக்கட்டும். அதற்குள் இன்சுலினை ஈரத் துணி சுற்றிய மண் கலயத்துக்குள் மாற்றியிருந்தேன்.

நோட்டில் குறித்தவை: காலையில், எஞ்சின் எழுப்புவதற்கு முன், முன் பேட்டரி 11.6 வோல்ட், பின் பேட்டரி 11.4. எஞ்சின் ஓடும்போது முன்னால் 14.1, பின்னால் 13.2. வேன் ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்தான் நகர்கிறது.

ஊர் திரும்பியபின் பின்தெருக் கொட்டகையில் இரண்டு மாதம் நின்றது. மறுபடியும் முன் பேட்டரி இறங்கிவிட்டது. இரண்டையும் மாற்றுங்கள் என்கிறார்கள். கோளாறு பேட்டரியிலா, எங்கள் அமைப்பிலா என்று தெரிந்துகொண்டு பணத்தைப் போட நினைக்கிறேன்.

பேட்டரிக்காரன், காரைக்குடி

ஆச்சி, வணக்கம். இப்படி எண்களோடு கேட்பவர்கள் குறைவு. 1953இல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த ஊர் இது. பேட்டரியையும் ஆராயும் ஒரு நிலையம் இருக்கும் ஊரில் உங்கள் வேன் இப்படி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் செலவுக் கணக்கு. குளிர்பெட்டி 45 வாட், நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-அவர். இரண்டு விசிறி, 25 வாட் வீதம் எட்டு மணி நேரம், 400. விளக்கும் போன்களும் சேர்ந்து 250. ஆக நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,200. 12 வோல்ட்டால் வகுத்தால் 100 ஆம்பியர்-அவர். உங்கள் டியூபுலர் போன்ற ஈய-அமில பேட்டரியில் பாதிக்குமேல் எடுக்கக் கூடாது என்பதால், உங்கள் 150இல் கையாளத் தக்கது 75தான். முதல் நாளே எல்லை தாண்டிவிட்டீர்கள்.

வரவு இன்னும் மோசம். பின்னால் 13.2 என்றால் அந்த பேட்டரி பட்டினி கிடக்கிறது. டியூபுலருக்கு 14.4 அளவுக்காவது வந்தால்தான் ஒழுங்காக ஏறும். முன்னால் 14.1 இருக்கிறதே, அந்த 0.9 வோல்ட் எங்கே போனது? கம்பியிலும் எர்த்திலும்தான். வீட்டில் ஏ.சி.க்கு இழுக்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஐந்து மீட்டர் நீளத்தில் 25 ஆம்பியர் ஓடினால் அதிலேயே அரை வோல்ட்டுக்குமேல் போய்விடும். மிச்சம், வண்டித் தகட்டில் பெயின்ட்மேல் முடுக்கிய எர்த் போல்ட்டாக இருக்கலாம். கழற்றிப் பாருங்கள்.

இதையும் சொல்லுங்கள்: முருகன் பாட்டுப் போடும் ஒலிபெருக்கியை எந்த பேட்டரியிலிருந்து எடுத்திருக்கிறீர்கள்?

மிக முக்கியமானது கட்டிலுக்கு அடியில் இருக்கும் அந்த டியூபுலர். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் வாயு விடும். நீங்கள் பக்கத்தில் கேஸ் அடுப்பு பற்ற வைக்கிறீர்கள், ஆட்கள் மேலே படுக்கிறார்கள். பேட்டரியை மூடிய பெட்டியில் வைத்து, பெட்டியின் மேற்புறத்திலிருந்து ஒரு குழாயை வண்டிக்கு வெளியே விடுங்கள். மற்றதெல்லாம் தாமதமாகலாம், இது ஆகக் கூடாது.

கணக்கு டீச்சர், கானாடுகாத்தான்

தம்பி, நீங்கள் சொன்னதுபோலவே இருக்கிறது. ஒலிபெருக்கி ஓட்டுநர் பக்கத்து சாக்கெட்டில், அதாவது முன் பேட்டரியில். வண்டி நிற்கும்போதும் பாடும், நாளுக்கு ஆறு மணி நேரம்.

எர்த் போல்ட்டை மாப்பிள்ளை கழற்றினார். அடியில் காசளவு வட்டமாகப் பெயின்ட் அப்படியே இருந்தது, ஓரத்தில் துரு பொடியாக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தகடு பளிச்சிடும்வரை தேய்த்து, வாசலின் தடவி முடுக்கினோம். எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் பின்னால் 13.5. பெட்டியும் குழாயும் ஞாயிற்றுக்கிழமை தயாராகிவிடும்.

பள்ளத்தூர்க்காரன், இப்போது சென்னை

ஆச்சி, டியூபுலரைத் தூக்கிவிட்டு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போடுங்கள். எடை பாதிக்கும் குறைவு, கொள்ளளவில் எண்பது சதவீதத்துக்குமேல் தயங்காமல் எடுக்கலாம். என் வண்டி பி.எஸ்.6, புதிய புகை விதிப்படி வந்தது. அதில் டைனமோ வோல்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் ரிலே பயன்படவில்லை, டைனமோ தருவதைப் பின் பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டாக மாற்றும் டி.சி.-டி.சி. சார்ஜர் வைத்தபின்தான் சரியானது.

பேட்டரிக்காரன், காரைக்குடி

சார்ஜர் பற்றி அண்ணன் சொல்வது சரி. லித்தியமும் நல்லதுதான், ஆனால் இருக்கிற ரிலே வழியாக நேரே இணைத்துவிடாதீர்கள். லித்தியம் கேட்கிற ஆம்பியரையெல்லாம் டைனமோ கொடுக்கப் பார்க்கும். நடப்பவர்களுக்காக நின்று நின்று மெதுவாகப் போகும் வண்டியில் டைனமோவுக்குக் காற்றோட்டமும் இல்லை. கருகிவிடும். 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் நடுவில் இருந்தால் அது அளந்துதான் எடுக்கும், பின் பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டையும் தானே உயர்த்திக் கொடுக்கும். கம்பியை 16 சதுர மில்லிமீட்டராக மாற்றுங்கள், இரண்டு பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலும் பியூஸ் கட்டாயம். ஒலிபெருக்கியைப் பின் பேட்டரிக்கு மாற்றுங்கள். முன் பேட்டரி எஞ்சினுக்கு மட்டும். அதன் தகடுகள் மெல்லியவை. ஒரு நொடி வேகமாகக் கொடுப்பதற்குச் செய்தவை, இரவு முழுவதும் சிறுகச் சிறுகக் கொடுத்தால் கெட்டுவிடும்.

ஆனால் நாளுக்கு ஒரு மணி நேர ஓட்டத்தில் 30 ஆம்பியர்-அவர்தான் வரும், தேவை 100. மிச்சத்தைச் சூரியன்தான் தர வேண்டும். கூரையில் 400 வாட் பலகை இருந்தால், தை மாதத்து வெயிலில் இழப்புகள் போக நாளுக்கு 1,400 வாட்-அவர் வரை எதிர்பார்க்கலாம். ஒலிபெருக்கிக்கும் சேர்த்துப் போதும்.

கணக்கு டீச்சர், கானாடுகாத்தான்

நடந்து வருகிறவர்களுக்காக வண்டியைப் புளியமர நிழலில்தானே நிறுத்துவோம், தம்பி?

பேட்டரிக்காரன், காரைக்குடி

நல்ல கேள்வி ஆச்சி. ஒரு கிளை நிழல் குறுக்கே விழுந்தாலே பலகையின் வரவு பாதிக்கும் கீழே போய்விடலாம். 200 வாட் கூரையில் இருக்கட்டும், இன்னொரு 200 வாட் மடிக்கும் பலகையாக, பத்து மீட்டர் கம்பியோடு வாங்குங்கள். வண்டி நிழலில் நிற்கட்டும், பலகையை வெயிலில் விரியுங்கள்.

கொட்டகையில் நிற்கும்போது மின்சாரம் எங்கே கசிகிறது என்றும் பார்க்க வேண்டும். முன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். கதவைப் பூட்டி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும்.

கணக்கு டீச்சர், கானாடுகாத்தான்

பார்த்துவிட்டேன். 70 மில்லியாம்பியர். நாளுக்கு 1.7 ஆம்பியர்-அவர், இரண்டு மாதத்துக்கு 100. அவ்வளவுதான் கணக்கு, பேட்டரி இறங்காமல் என்ன செய்யும்! வண்டி எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் கருவியின் பியூஸை எடுத்ததும் 18க்கு இறங்கியது. கொட்டகையின் ஓட்டுக் கூரைமேல் 40 வாட் பலகை ஒன்றைக் கட்டுப்படுத்தும் கருவியோடு வைத்து, முன் பேட்டரிக்கு இணைக்கப்போகிறோம்.

டியூபுலரை இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். டிஸ்டில்டு தண்ணீர் ஊற்றி, வீட்டு இன்வெர்ட்டரில் இரண்டு நாள் சார்ஜ் போட்டேன்; இறக்கிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால் 12.6 நிற்கிறது. வெள்ளிக்கிழமை இரவு குளிர்பெட்டியை மட்டும் ஓடவிட்டு, மணிக்கு ஒருமுறை வோல்ட் குறித்து இங்கே போடுகிறேன். சுமையோடு இருக்கும்போது எந்த அளவு வந்தால் நிறுத்த வேண்டும், தம்பி?

பேட்டரிக்காரன், காரைக்குடி

12.0 வந்ததும் நிறுத்திவிடுங்கள் ஆச்சி. நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டு இன்னொரு முறை பாருங்கள். 12.2க்குமேல் ஏறி நின்றால் நல்ல அறிகுறி; எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.