அப்பா அம்மாவோட மோட்டார்ஹோம் பயணம், டெபாசிட் சிக்கல் – அவசரம்

புதுசா_வந்தவன்:
வணக்கம். சான் ஹோசே வந்து இன்னும் சரியா செட்டில் ஆகல. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. அம்மாவுக்கு முட்டி வலி, தினம் ஒரு ஹோட்டல்னு மாறி மாறித் தங்க முடியாது. அதனால 25 அடி மோட்டார்ஹோம் (உள்ளேயே படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் இருக்கற வண்டி) வாடகைக்கு புக் பண்ணிட்டேன். யோசெமிட்டி, டயோகா பாஸ் மலைக் கணவாய், அப்புறம் 395 ஹைவேல மோனோ லேக், பிஷப், லோன் பைன், கடைசியா டெத் வேலி. அடுத்த வாரம் கிளம்பணும். இப்ப டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு கேக்குறாங்க, என் கார்டுல லிமிட் பத்தல. கேன்சல் பண்ணா கட்டின காசு போயிடும். தூக்கமே வரல.

காவிரிக்கரை:
தம்பி, முதல்ல கிரெடிட் ஸ்கோரை ஏத்துற வழியைப் பாருங்க. நாங்க மினியாபொலிஸ்ல வந்து இறங்கினது ஜனவரி. கார் கிடையாது, பஸ் ஸ்டாப்புல பனிக்குள்ள நின்னு கண் இமையெல்லாம் உறைஞ்சு போச்சு. வீடு வாடகைக்குக் கேட்டா மூணு மாச அட்வான்ஸ் வைன்னாங்க. ஊர் சுத்துறது அப்புறம் பாத்துக்கலாம்.

கோவை_அக்கா:
அப்பா அம்மா திரும்ப எப்ப வருவாங்களோ, கூட்டிட்டுப் போங்க தம்பி. ராத்திரி வால்மார்ட் பார்க்கிங்ல போட்டுத் தூங்கலாம், காசே கிடையாது.

சேலத்து_மாம்பழம்:
அக்கா, எல்லா வால்மார்ட்லயும் விட மாட்டாங்க. அந்தந்தக் கடை மேனேஜரும் அந்த ஊர் சட்டமும்தான் முடிவு பண்ணும். நடுராத்திரி கதவைத் தட்டி எழுப்பினா பெரியவங்க பயந்துடுவாங்க.

காவிரிக்கரை:
வாடகை மட்டும்னு நினைக்காதீங்க. மைலுக்குத் தனி, ஜெனரேட்டர் ஓடுற மணிக்குத் தனி, போர்வை பாத்திரத்துக்குத் தனி. ஊர்ல வேன் பிடிச்சா டிரைவர் அண்ணனே டீக்கடை எது நல்லாருக்கும்னு பாத்து நிறுத்துவார். இங்க எல்லாத்துக்கும் பில்லுதான்.

கோவை_அக்கா:
உண்மைதான். விசா, வாடகை, இன்சூரன்ஸ்னு மூச்சு விடவே நேரமில்ல.

395_பைத்தியம்:
எந்த மாசம்னு யாருமே கேக்கலையே? குழந்தை உண்டா? லைசென்ஸ் எந்த ஊருது?

புதுசா_வந்தவன்:
மே ரெண்டாவது வாரம். பொண்ணுக்கு 3 வயசு. கலிஃபோர்னியா லைசென்ஸ் வாங்கிட்டேன்.

395_பைத்தியம்:
அப்ப ரூட்டையே மாத்தணும். டயோகா பாஸ் கிட்டத்தட்ட 9,940 அடி. நவம்பர் வாக்குல பனிக்காக ரோட்டை மூடினா, பல வருஷம் மே கடைசி, ஜூன்லதான் திறப்பாங்க. அதை நம்பிக் கிளம்பாதீங்க. தெற்கே சுத்திப் போங்க: பேக்கர்ஸ்ஃபீல்டு, 58 ஹைவேல டெஹாச்சப்பி, மொஹாவி, அங்கேர்ந்து 14-ஆம் ஹைவே பிடிச்சா 395. வழியில ரெட் ராக் கேன்யன்ல செம்மண் பாறை ரோட்டை ஒட்டியே நிக்கும், அம்மா இறங்காமலே பாக்கலாம். லோன் பைன்ல 14,505 அடி மவுண்ட் விட்னி கண்ணுக்கு நேரா நிக்கும். அதுக்கு வடக்கே மான்சனார். ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பானிய அமெரிக்கர்களை முள்வேலிக்குள்ள அடைச்சு வெச்ச இடம். கண்டிப்பா நிறுத்துங்க.

டெத் வேலியை விட்டுடுங்க. மே மாசமே 38 டிகிரி சாதாரணம், வழியில இருக்கற டவுன் பாஸ் கணவாய் ஏத்தமும் செங்குத்து. வெயில் காலத்துல அங்க போகக் கூடாதுன்னு பல வாடகைக் கம்பெனி ஒப்பந்தத்துலயே போட்டிருப்பாங்க.

பிஷப்லேர்ந்து மாம்மத் பக்கம் ஏறுற ஷெர்வின் கிரேடு 7,000 அடி வரைக்கும் போகும். இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க, கியரைக் குறைச்சு இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். ஓவன்ஸ் வேலில பக்கவாட்டுக் காத்து உயரமான வண்டியைத் தள்ளும். எச்சரிக்கை வந்தா அன்னிக்கு ஓட்டாதீங்க.

டெபாசிட்டுக்கு நாளைக்கே ஃபோன் போடுங்க. டெபிட் கார்டு எடுப்பாங்களா, கார்டு இருக்கற நண்பர் கூட வந்தா அவர் பேர்ல ஒப்பந்தம் போடலாமான்னு கேளுங்க. ஓட்டுற எல்லார் பேரும் அதுல இருக்கணும். பாப்பா சீட்டை முன்னாடி பாத்த, பெல்ட் இருக்கற இருக்கையிலதான் கட்டணும், பக்கவாட்டு சோபாவுல கூடவே கூடாது. குக்கர் மறக்காதீங்க. மாம்மத் உயரத்துல தண்ணி 92 டிகிரிலயே கொதிச்சிடும், பருப்பு வேகாது.

புதுசா_வந்தவன்:
ரொம்ப நன்றி அண்ணா. காலைல முதல் வேலையா கூப்பிடுறேன். கழிவுத் தொட்டி காலி பண்ண கையுறை அவங்களே தருவாங்களா?

395_பைத்தியம்:
கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு பெட்டி வாங்கி வெச்சுக்கோங்க. கழிப்பறைத் தொட்டியை முதல்ல திறங்க, சிங்க், ஷவர் தண்ணி அப்புறம். அந்த சோப்புத் தண்ணி குழாயை அலசி விட்டுடும்.